நடுத் தண்ணீரில் போட்ட முடிச்சு

மச்சான்,

இன்றைக்குக் கடைக்கு ஒரு பெண் வந்தாள். தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுத் தண்ணீர்த் தாங்கியில் மயிரிழை மாதிரி ஒரு வெடிப்பாம், ஒழுகிக்கொண்டே இருக்கிறதாம், அடைக்கிற பசை ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள். ராக்கையில் அடுக்கி வைத்திருக்கிறோம், இல்லாமல் என்ன? ஆனால் என் வாய், "சவக்காரத்த நனைச்சு நல்லா தேய்ச்சு அமுக்குங்க, அப்போதைக்கு நிக்கும்" என்று சொல்லிவிட்டது. சொன்ன கையோடு அந்த வாசனை மூக்கில் ஏறியது. சந்தனச் சவர்க்காரமும் ஏரித் தண்ணீரும் கலந்த வாசனை. பைப்புகள் நிறுத்தி வைத்திருக்கும் மூலைக்குப் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "என்ன தலைய சுத்துதா?" என்று முதலாளி கேட்டார். ஆமாம் என்றேன். வேறு என்னத்தைச் சொல்ல?

நீ போனதிலிருந்து எல்லாரும் எனக்கு ஒரே ஆறுதலைத்தான் சொல்கிறார்கள். "ஒன்னால முடிஞ்சத செஞ்சிட்டப்பா, அவ்வளவுதான் மனுசனால ஏலும்." கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. முடிந்ததைச் செய்தேனா இல்லையா என்பதை நீ சொல்ல வேண்டும். என் வேலைக்குக் குறை சொல்கிற உரிமையை நான் வேறு எவனுக்கும் கொடுக்கவில்லையே! அதனால்தான் உனக்கே எழுதுகிறேன்.

அந்தப் படகே நமக்கு எதற்கு என்று மஸ்கெலியாவில் கேட்காத ஆள் கிடையாது. ஏரிக்கரை பங்களாவில் யாரோ வெள்ளைக்காரன் விட்டுப் போன சின்னப் பாய்ப்படகு. கவிழ்ந்தபடி கிடந்து பாசி பிடித்துப் போயிருந்தது. இடத்தை அடைக்கிறது, தூக்கிக்கொண்டு போங்கள் என்றார்கள். கொழுந்து லொறி ஓட்டுகிற நீயும், கடையில் ஆணியும் கயிறும் விற்கிற நானும், கடலைக் கண்ணால் பார்த்ததே கொழும்புக்குப் போனபோதுதான். நமக்குப் பாய்மரம்! லொறியில் ஏற்றி நீதான் கொண்டு வந்தாய். லயமே கூடி நின்று சிரித்தது. "சிரிங்க சிரிங்க, நாளைக்கு ரோடு ஒடைஞ்சா எங்ககிட்டதான் வருவீங்க" என்று நீ கத்தினாய். அப்போது அது வெறும் வாய்ச்சவடால்.

கரையில் வைத்து ஆற அமர ஒரு வேலை நாம் பார்த்ததில்லை. உனக்குப் பொறுமை ஏது? ஓட்டையும் உடைசலுமாகத் தண்ணீரில் இறக்கிவிடுவாய். எது போகிறதோ அதைப் போன இடத்திலேயே சரி செய்துகொள்ளலாம் என்பாய். பாய் கிழிந்தால் நடு ஏரியில் உட்கார்ந்து, கொழுந்தெடுக்கிறவர்கள் இடுப்பில் கட்டுகிற படங்கில் ஒரு துண்டை வெட்டி, சாக்கு ஊசியால் தைத்தோம். சுக்கான் கழன்றால் கூடைக் கயிற்றால் கட்டினோம். நான் தைத்தால் நீ பிரித்துத் தைப்பாய். நான் கட்டினால் அவிழ்த்துக் கட்டுவாய். "இது முடிச்சா? எறும்பு இழுத்தா வந்துரும்டா. கயித்துக் கடையில வேல பாக்குறேன்னு வெளிய சொல்லிடாத." வேலை முடியும் வரைக்கும் உன் வாய் ஓயாது. ஏரியின் அந்தக் கரையில் துணி அலசுகிறவர்களுக்குக்கூட நீ என்னை ஏசுவது கேட்கும். நானும் சும்மா இருந்ததில்லை, சரிக்குச் சரி கொடுத்திருக்கிறேன். கையிலிருந்த துடுப்பைத் தண்ணீரில் வீசிவிட்டுக் கோபமாக உட்கார்ந்திருக்கிறேன். அப்புறம் இரண்டு பேரும் கையால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போய் அதே துடுப்பை எடுத்தோம்.

செருப்பு விஷயத்தையும் இங்கேயே எழுதிவிடுகிறேன். அணை கட்டியபோது பழைய மஸ்கெலியா டவுன் அப்படியே தண்ணீருக்குள் போயிற்று. கோயிலும் பள்ளிவாசலும் கீழே இருக்கின்றன, தண்ணீர் வற்றுகிற வருஷங்களில் தலை தெரியும். நம் கரையிலிருந்து இப்போதைய டவுனுக்கு நேராகப் போனால் அவற்றுக்கு மேலேதான் போக வேண்டும். கோயிலுக்கு மேலே செருப்புக் காலோடு எப்படிப் போவது என்று முதல் நாளே உனக்கு உறுத்திவிட்டது. படகில் கழற்றி வைத்தாலும் செருப்பு சாமி தலைக்கு மேலேதானே போகிறது என்று நீயே மறுகேள்வியும் கேட்டாய். அதனால் செருப்பைக் கரையிலேயே விட்டுவிட்டு ஏறுவது என்று வைத்துக்கொண்டோம். கடையில் முதலாளியிடம் சொன்னேன். "பள்ளிவாசல் மேலயும் அப்படித்தானே போறீங்க? நல்லது, நல்லது" என்று அவருக்கும் சந்தோஷம்.

அப்புறம் இந்த மழை வந்தது. இப்படி ஒரு மழையை நம் அப்பாமார்கூடக் கண்டதில்லை என்றார்கள். மலை சரிந்து இறங்கி, டவுனுக்குப் போகிற ரோட்டை இருந்த இடம் தெரியாமல் மூடிவிட்டது. கரையில் கட்டியிருந்த மீன்பிடி வள்ளங்களை வெள்ளம் அடித்துக்கொண்டு போயிற்று. மேட்டில் கவிழ்த்து வைத்திருந்த நம் படகு மட்டும் தப்பியது. லயத்துக்குப் பின்னால் மழைத் தண்ணீர் ஓடுகிற கான் அடைத்துக்கொண்டு மண் வீட்டுக்குள் தள்ள ஆரம்பித்ததும், நீ மண்வெட்டியைத் தூக்கினாய். போதும்டா, கொஞ்சம் உட்கார் என்று எத்தனை பேர் சொன்னோம்! கேட்டாயா? உன் மேல் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. மழை விட்ட காலையில், கானில் தண்ணீர் ஓட ஆரம்பித்த பிறகு, மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்று, "நெஞ்சுல என்னமோ கல்லு வச்ச மாதிரி இருக்குடா" என்றாய். முகம் சாம்பல் பூத்திருந்தது. சட்டை முழுக்க வேர்வை, அந்தக் குளிரில்.

டிஸ்பென்சரியில் ஆள் இல்லை. டவுன் ஆஸ்பத்திரிக்கு போன் பண்ணினால், ரோட்டில் வர முடியாது, ஏரிக்கரை வரைக்கும் அம்பியுலன்ஸை அனுப்புகிறோம், எப்படியாவது அக்கரைக்குக் கொண்டு வந்துவிடுங்கள் என்றார்கள். தங்கச்சி, உன் வீட்டுக்காரி, ஒரு பையில் துண்டும் மாற்றிக் கட்டச் சாரமும் பிளாஸ்க்கும் புதுச் சவர்க்காரமும் வைத்துக் கட்டினாள், வார்டில் நிறுத்திவிடுவார்கள் என்று. தானும் வருகிறேன் என்று படகைப் பிடித்துக்கொண்டாள். நீதான் விடவில்லை. "மூணு பேர் ஏறினா தாழும் புள்ள. நீ புள்ளைகளப் பாரு." அவள் என் பக்கம் திரும்பி, "அண்ணே, அவர நீங்க பத்திரமா கொண்டு போய் சேத்துருங்க" என்றாள். அந்த நிலைமையிலும் நீ செருப்பைக் கழற்றிக் கரையில் போட்டுவிட்டுத்தான் ஏறினாய். நானும் கழற்றிவிட்டேன். யோசிக்கவே இல்லை, பழக்கம்.

பாதமலைப் பக்கத்திலிருந்து காற்று நல்லபடியாகத்தான் அடித்தது. உன்னைப் பின்பக்கம் சாய்த்து வைத்து, தலைக்குப் பையைக் கொடுத்திருந்தேன். சுக்கானை நான் பிடிக்கிறேன் என்றால், "நீ பிடிச்சா நேரா அணைக்கட்டுலதான் போய் முட்டுவ" என்று கக்கத்தில் இடுக்கிக்கொண்டாய். மூச்சு விட்டு விட்டுத்தான் பேசினாய், ஆனாலும் பேசினாய். அதுதான் எனக்குத் தெம்பு.

மண்சரிவில் வந்த மரம் ஒன்று பாதி முங்கிக் கிடந்தது நம் இரண்டு பேர் கண்ணிலும் படவில்லை. படகு தூக்கிப் போட்டது. முன்பக்கம் அடியில் வெடிப்பு விட்டுத் தண்ணீர் பீறிட்டது. மோதிய வேகத்தில், பாய்மரத்தை ஒரு பக்கம் இழுத்துப் பிடித்திருந்த கம்பியும் அறுந்து, பாய்மரம் சாய்ந்து பாய் தண்ணீரில் விழுந்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஐயோ ஐயோ என்று கத்தினேன், அது எனக்கே கேட்டது. இக்கரையும் தூரம், அக்கரையும் தூரம். நீந்தினால் நான் தப்பலாம். உன்னை வைத்துக்கொண்டு?

"செருப்ப வெட்டி அடைடா, ரப்பர் நிக்கும்" என்றாய். நான் குனிந்து காலைப் பார்த்தேன். நீயும் உன் காலைப் பார்த்தாய். அப்புறம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய் பாவி! "நல்லா கும்பிட்டோம்டா சாமிய" என்றாய். எனக்கு அழுகைதான் வந்தது. நாள் முழுக்க நான் விற்கிற ரப்பரும் பசையும் டவுனில் கடை நிறையக் கிடக்கின்றன. என் கையில் ஒன்றுமே இல்லை.

பையை இழுத்துக் கொட்டினேன். சவர்க்காரம் உருண்டு வந்தது. யார் கண்டுபிடித்தோம் என்று தெரியவில்லை, இரண்டு பேரும் ஒன்றாகத்தான் சொன்னோம். வெடிப்பில் வைத்துத் தேய் தேய் என்று தேய்த்தேன். நுரைதான் வந்தது. "தேய்க்காத, அமுக்கு. நீ என்ன துணியா தொவைக்கிற?" கட்டியைப் பல்லால் கடித்து உடைத்து, பிசைந்து, விரலால் வெடிப்புக்குள் அமுக்கினேன். மேலே துண்டை மடித்து வைத்து உட்காரும் பலகையைக் கழற்றி அதன் மேல் முட்டுக் கொடுத்தேன். பீறிட்ட தண்ணீர் கசிவாகக் குறைந்தது. வாயெல்லாம் சந்தனக் கசப்பு. ஆனால் கசிவும் ஏறிக்கொண்டே இருந்தது. நான் துடுப்புப் போட்டால் இறைக்க ஆள் இல்லை, இறைத்தால் துடுப்புப் போட ஆள் இல்லை. காற்று நம்மை அணைப் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தது. பாய் நின்றால் மட்டும்தான் உன்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக முடியும். அது இரண்டு பேருக்கும் தெரிந்தது.

"என் சாரத்தக் கிழிச்சு முறுக்குடா" என்றாய். கிழித்து முறுக்கினேன். உனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, முன்பக்கம் தண்ணீரில் நின்று, தோளால் பாய்மரத்தை நிமிர்த்தி வைத்து, அறுந்த கம்பிக்குப் பதிலாக அதைக் கட்டப் போனேன். விரல்கள் விறைத்துவிட்டன. சவர்க்காரக் கையில் துணி வழுக்கி வழுக்கிப் போனது. பின்னாலிருந்து உன் குரல் விடாமல் வந்தது. "கீழ கட்டாதடா, ஒசரத்துல கட்டு... எட்டலனா கட்டை மேல ஏறு... இன்னும் இழு... இறுக்கு, இறுக்கு... நாய்க்குட்டிய கட்டிப்போடுற மாதிரி கட்டாத..." எனக்குக் கெட்ட கோபம். "வந்து நீயே கட்டேன்டா!" என்று கத்தினேன். கத்திக்கொண்டே பல்லாலும் கையாலும் இழுத்து, மறுமுனையைப் படகோரத்து இரும்பு வளையத்தில் மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டேன்.

நின்றது மச்சான். மரம் நின்றது. பாய் ஒருமுறை படபடத்து, காற்றைப் பிடித்து உப்பியது. படகு அணைப் பக்கம் போவதை விட்டு டவுன் பக்கம் ஓட ஆரம்பித்தது. சுக்கான் உன் கக்கத்திலேயே இருந்தது, படகு நேராகத்தான் போனது. நான் குந்தி உட்கார்ந்து பெயின்ட் வாளியால் தண்ணீரை இறைத்துக்கொண்டே, துண்டை ஒரு காலால் அமுக்கிக்கொண்டே, அக்கரையைப் பார்த்தபடி வந்தேன். அம்பியுலன்ஸ் வெள்ளையாகத் தெரிந்தது. ஆட்கள் தண்ணீருக்குள் இறங்கிக் கை காட்டினார்கள். "தெரியுதாடா, வந்துட்டோம்டா" என்று உன்னிடம் பேசிக்கொண்டே வந்தேன். முன்பக்கம் சேற்றில் குத்தி நின்ற பிறகுதான் திரும்பினேன்.

கடைசியாக என்ன சொன்னார் என்று தங்கச்சி கேட்டாள். நாய்க்குட்டியைக் கட்டுகிற மாதிரிக் கட்டாதே என்று சொன்னார் என்றேன். பொய் சொல்ல வரவில்லை. அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். "ஏசிக்கிட்டேதான் போனாரா" என்றாள்.

அவளிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை. அந்த முடிச்சு விழுந்த பிறகு உன் சத்தம் வரவில்லை. அவிழ்த்துக் கட்டு என்று நீ சொல்லவில்லை. இவ்வளவு வருஷத்தில் என் கையால் போட்ட ஒரு முடிச்சுக்கு நீ குறை சொல்லாமல் இருந்தது அதுதான் முதல் தடவை. இறைத்துக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல், "என்னடா, வாயடைச்சுப் போச்சா?" என்று கேட்டேன். அதற்கும் பதில் இல்லை. சரிதான், நல்லா கட்டிட்டோம், அவனுக்கே சொல்ல ஒன்னும் இல்ல என்று நினைத்துக்கொண்டேன். அக்கரை போய்ச் சேரும் வரைக்கும் எனக்கு அவ்வளவு சந்தோஷம், மச்சான்.