விலாசம் சரிபார்க்கவும்

12 மே 2025, திங்கள்

மழை. எல்லர்ஸ்லி ஸ்டேஷனிலிருந்து ஆபீசுக்கு நடப்பதற்குள் குடை இரண்டு முறை திரும்பிக்கொண்டது. இந்த ஊரில் குடை வாங்குகிறவளுக்குப் புத்தி கிடையாது. இது என்னுடைய ஐந்தாவது குடை.

ஆல்பனி தலைமை ஆபீசிலிருந்து சந்தீப் வந்திருந்தான். கோயம்புத்தூர்க்காரன், கெட்டிக்காரன், யாரைப் பார்த்தாலும் அக்கா அண்ணா போட்டுப் பேசுவான். எங்கள் ஏழு கிளினிக்குகளுக்கும் இனி பில்லை சிஸ்டமே போடும், சிஸ்டமே அனுப்பும், கட்டாதவர்களுக்கு சிஸ்டமே ஞாபகப்படுத்தும். அதற்காக, நான் ஏழு வருஷமாகப் போட்ட பில்களை அதற்குப் படிக்கக் கொடுத்திருக்கிறார்களாம்.

"ரூல் எதுவும் நாங்க எழுதலக்கா. நீங்க செஞ்சதப் பாத்தே அது கத்துக்கும்."

எல்லாவற்றையுமா கொடுத்தீர்கள் என்று கேட்டேன். எல்லாவற்றையும்தான் என்றான். மத்தியானம் சோறு இறங்கவில்லை.

13 மே

இங்கே எழுதாமல் வேறு எங்கே எழுதுவது?

சாவு விழுந்த வீட்டுக்கு நான் பதினாறு நாள் பில் அனுப்புவதில்லை. சாவு நாளிலிருந்து எண்ணிப் பதினேழாம் நாள் காலை ஏழு மணிக்கு, மற்றப் பில்களோடு அதுவும் போகும். அப்பா போன நாலாம் நாள், பந்தல்கூடப் பிரிக்கவில்லை, ஆஸ்பத்திரி பாக்கி கேட்டு ஒருவன் வாசலில் வந்து நின்றான். அம்மா உள்ளேயிருந்து எழுந்து வந்து அவனுக்குப் பதில் சொன்னாள். அதை நான் மறக்கவில்லை. அதனால் சமோவாக்காரரோ வெள்ளைக்காரரோ, என் கையில் எல்லோருக்கும் பதினாறு நாள் உண்டு. ரிசப்ஷனில் இருக்கும் சரோஜாதேவி அக்காவுக்கு மட்டும் இது தெரியும். அவர் யாழ்ப்பாணம். "எங்கட ஆக்களுக்கு முப்பத்தொண்டு. அவைக்கு இன்னும் பதினஞ்சு நாள் கூடக் குடும்" என்று கிண்டல் செய்வார்.

பில்லை நிறுத்த ஒரு காரணத்தைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். பட்டியலில் 'சாவு வீடு' என்று ஒன்று இல்லை. 'விலாசம் சரிபார்க்கவும்' என்று இருந்தது. ஏழு வருஷமாக அதைத்தான் போட்டேன்.

இதோடு போயிருந்தால் பரவாயில்லை. சாவதற்கு முன்னாலேயே சிலருக்கு நிறுத்தியிருக்கிறேன். பில் போடுகிறவளுக்குத் தெரிந்துவிடும். மாதம் ஒரு தரம் வந்தவர் வாரம் ஒரு தரம் வருவார். பிறகு ஒரு நாள் அப்பாயின்ட்மென்ட்டை ரத்து செய்ய போன் வரும் — அவர் பேசமாட்டார், மனைவியோ மகளோ பேசுவார்கள். அதைப் பார்த்தால் என் கை தானாக நிறுத்திவிடும். பெரும்பாலும் தப்பியதில்லை.

கம்பெனிக்கு வரவேண்டிய பணத்தை என் இஷ்டத்துக்குத் தள்ளிப்போட்டிருக்கிறேன். தெரிந்தால் வேலை போகும். மார்ட்கேஜ் இன்னும் இருபத்திரண்டு வருஷம் இருக்கிறது.

3 ஜூன், செவ்வாய்

அரசர் பிறந்தநாள் லீவு முடிந்து இன்று சிஸ்டம் ஆரம்பம். சந்தீப் எல்லோருக்கும் கேக் வாங்கி வந்தான். எனக்கு இனி வேலை, நின்றுபோன பில்களை மட்டும் பார்ப்பது. பெரிய உத்தியோகம்!

4 ஜூன்

காலை ஏழு மணிக்கு நானூற்றுப் பன்னிரண்டு பில் போயிருக்கிறது. இரண்டு நிற்கிறது. இரண்டுக்கும் காரணம்: விலாசம் சரிபார்க்கவும்.

ஒருவர் கிரஹாம், எழுபது வயது. இன்னொருவர் இராசநாயகம், சரோஜா அக்காவுக்குக் கோயிலில் பழக்கம். இரண்டு பேருடைய பைலிலும் எதுவும் இல்லை. கிரஹாம் காதடைப்புக்கு வந்திருக்கிறார். இராசநாயகம் தடுப்பூசிக்கு.

போன் செய்தேன். கிரஹாம் வேலிச் செடி வெட்டிக்கொண்டிருந்தார். முப்பது வருஷமாக இதே வீடுதான் என்றார். இராசநாயகம் சிரித்தார். "நான் இஞ்சதான் பிள்ளை இருக்கிறன். எங்க போறது?"

புது சிஸ்டம், தப்புச் செய்கிறது. அவ்வளவுதான்.

16 ஜூன், திங்கள்

கிரஹாம் சனிக்கிழமை போய்விட்டார். தூக்கத்திலேயாம். மகள் போன் செய்து சொன்னாள். விலாசம் கேட்டு யாரோ அப்பாவைக் கூப்பிட்டீர்களாமே, அவர் சொல்லிச் சிரித்தார் என்றாள். ஸாரி, ஸாரி என்று நாலு தரம் சொன்னேன்.

17 ஜூன்

எழுபது வயது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. வேறென்ன?

20 ஜூன், வெள்ளி

மாதாரிகி விடுமுறை. நம் கார்த்திகை நட்சத்திரம்தான் அது, இந்த ஊர்ப் பழங்குடிகளுக்கு அதோடு புது வருஷம். விடியற்காலையில் அந்த நட்சத்திரக் கூட்டத்தைப் பார்த்து, போன வருஷம் செத்தவர்களின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள் என்று மகள் அஸ்வினி எங்களையும் பூங்காவுக்கு இழுத்துப் போனாள். பதினைந்து வயசுக்கு அவளாகவே எழுந்ததே அதிசயம். என் வீட்டுக்காரர் போர்வையைச் சுற்றிக்கொண்டு வந்தார், பாதி மேட்டில் மூச்சு வாங்கி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். நைட் ஷிப்ட் அலுப்பு.

ஒவ்வொருவராகப் பெயர் சொன்னார்கள். என் வாயில் அப்பா பெயர் வரவில்லை. இராசநாயகம் என்று வந்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டேன். அந்த மனிதர் உயிரோடு இருக்கிறார்.

23 ஜூன்

இல்லை.

சரோஜா அக்கா இன்று கறுப்புச் சேலையில் வந்தார். "நேற்று விடிய, பூசைக்குப் பூ ஆய்ஞ்சு கொண்டு நிண்ட மனிசன். அப்படியே இருந்தபடி செத்துப் போனார்." என் முகத்தைப் பார்த்து, "நீர் ஏன் இப்பிடிப் பாக்கிறீர்?" என்றார். ராத்திரி தூக்கமில்லை என்றேன்.

30 ஜூன்

காலையில் ஆபீசுக்குப் போனதும் கிரஹாம் பில்லைத் தேடினேன். நிறுத்தி வைத்ததில் இல்லை. ஏழு மணிக்குப் போயிருக்கிறது. நான் தொடவேயில்லை.

பதினான்காம் தேதி செத்தார். எண்ணிப் பார்த்தேன். இன்று பதினேழு.

அதையும் கற்றுக்கொண்டிருக்கிறது.

4 ஜூலை

தாங்க முடியவில்லை. சந்தீப்பிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பதினாறு நாள், பொய்க் காரணம், இரண்டு பேர். வேலை போனால் போகட்டும் என்றுதான் சொன்னேன்.

அவன் கோபப்படவில்லை. அவன் கண்ணில் ஒரு சந்தோஷம் தெரிந்தது, அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. நான் ஏழு பைலைப் பார்த்துக் கண்டுபிடித்ததை அது எழுபதாயிரம் பைலில் பார்க்கிறதாம். யார் எந்த நேரத்தில் போன் செய்தார்கள், எந்த மருந்தை வாங்காமல் விட்டார்கள், மனைவி பேசினாளா மகள் பேசினாளா — எல்லாம்.

அப்படியானால் அதற்கு யார் சாகப்போகிறார் என்று தெரியுமா என்று கேட்டேன்.

"அதுக்கு சாவு தெரியாதுக்கா. யாருக்கு நீங்க பில்லு அனுப்ப மாட்டீங்கன்னு தெரியும். அவ்வளவுதான்."

பணம் வருவது தாமதமாகிறது என்று மேலே முணுமுணுக்கிறார்களாம். ஆகஸ்டில் இந்தப் பழக்கத்தை மட்டும் அதிலிருந்து எடுத்துவிடுவானாம். என் பெயரைச் சொல்லமாட்டேன் என்றான். நல்ல பிள்ளை. ஆனால் ஒருவருக்காவது போன் செய்து டாக்டரைப் பாருங்கள் என்று சொல்லலாமே என்றதற்கு, என்ன சொல்லிக் கூப்பிடுவீங்க என்றான்.

9 ஜூலை, புதன்

இன்று நின்றது ஒரே ஒரு பில்.

மாரிசாமி. வயது 49. விலாசம் சரிபார்க்கவும்.

என் வீட்டு விலாசம்.

அதே நாள், மத்தியானம்

லைப்ரரி வாசலில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஆபீசில் இருக்க முடியவில்லை.

அவர் பைலைத் திறந்து பார்த்தேன். ஏப்ரலில் ஒரு தரம், ஜூனில் ஒரு தரம், நெஞ்செரிச்சல். இரண்டு தரமும் கேஸ் மாத்திரை. ஜூலை இரண்டாம் தேதி ஒரு அப்பாயின்ட்மென்ட், ரத்து. ரத்து செய்தவர்: மனைவி.

நான்தான். அவர் வேலை செய்யும் கிடங்கில் யாரோ லீவு, அவருக்கு ஷிப்ட் மாறிவிட்டது, நீயே போன் பண்ணிச் சொல்லிடு என்றார். காய்கறி நறுக்கிக்கொண்டே போன் செய்தேன். அப்பொழுது தோன்றவில்லையே! எத்தனை பெண்டாட்டிகளின் போனைப் பார்த்து நான் பில்லை நிறுத்தியிருக்கிறேன். என் போன் எனக்குத் தெரியவில்லை.

10 ஜூலை

காலையில் அந்த பில்லை விடுவித்தேன். எனக்கு அந்த அதிகாரம் உண்டு. பச்சை நிறமாக மாறியது. கொஞ்சம் மூச்சு வந்தது.

11 ஜூலை

மறுபடியும் நிற்கிறது. விடுவித்தேன். பத்து மணிக்கு மறுபடியும். விடுவித்தேன். மத்தியானம் மறுபடியும். ஏதோ அது பொறுமையாக எனக்கு எடுத்துச் சொல்வது போல இருந்தது. கணிப்பொறியை அணைத்துவிட்டு வந்துவிட்டேன்.

12 ஜூலை, சனி

வாங்க ஆஸ்பத்திரிக்கு என்று கெஞ்சினேன். "ஒண்ணுமில்லடி, கேஸுதான்" என்றார். சண்டை. நல்லா இருக்கிற மனுஷனை நோயாளி ஆக்காதே என்று கத்தினார். அஸ்வினி அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவர் தோட்டத்தில் துணி காயப்போடுவதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சட்டையைக் கொடியில் போடுகிறார், நிற்கிறார். இன்னொன்று போடுகிறார், நிற்கிறார். எவ்வளவு நாளாக இப்படி நின்று நின்று போடுகிறார்? நான் எங்கே பார்த்தேன்?

14 ஜூலை, திங்கள்

காலையில் உண்மையைச் சொல்லிவிட்டேன். கிரஹாம், இராசநாயகம், இவர் பெயர், எல்லாம். முதலில் சிரித்தார். பில்லு வரலன்னு அழுற ஒரே பொம்பளை நீதான் என்றார். பிறகு டீயைக் கீழே வைத்தார்.

"அந்த கிரஹாமுக்கு எத்தன நாளு?"

பத்து என்றேன்.

"எனக்கு எத்தன ஆச்சு?"

ஐந்து என்றேன். போய் ஷூவை மாட்டிக்கொண்டு வந்தார். எமர்ஜென்சியில் ஒன்பது மணி நேரம் காத்திருந்தோம். ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த பிறகு அவர்கள் நடை மாறியது. வார்டில் சேர்த்துவிட்டார்கள்.

16 ஜூலை

இருக்கிறார். இருக்கிறார். இருக்கிறார்.

நேற்று ரத்தக் குழாய் அடைப்பை எடுக்க உள்ளே கொண்டுபோனார்கள். மூன்று இடத்தில் அடைப்பு. மேசை மேலேயே இதயம் நின்றுவிட்டதாம். நாலு நிமிஷம். பிறகு திரும்ப ஓடியது. டாக்டரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, வீட்டில் நடந்திருந்தால் எங்களால் ஒன்றும் செய்திருக்க முடியாது, சரியான நேரத்தில் கூட்டி வந்தீர்கள் என்றார்.

எப்படித் தெரிந்தது என்று கேட்டார். முகம் சரியில்லை என்றேன்.

21 ஜூலை

வீட்டுக்கு வந்துவிட்டார். ரசத்தில் உப்பில்லை என்று குறை சொல்கிறார். எவ்வளவு வேண்டுமானாலும் சொல்லட்டும்.

ஆபீசில் அந்த பில் இன்னும் நிற்கிறது. அடைப்பு எடுத்தாயிற்று, மாத்திரை சாப்பிடுகிறார், இன்னும் என்ன? அதில் கை வைக்கப் பயமாக இருக்கிறது.

25 ஜூலை

நிற்கிறது.

அவர் தூங்கும்போது மூக்கருகில் விரலை வைத்துப் பார்க்கிறேன். நேற்று முழித்துக்கொண்டு கையைத் தட்டிவிட்டார்.

சரோஜா அக்காவிடம் சொல்லிவிட்டேன். அவர் வரிசையில் நின்ற ஒருவரைக் கவனித்து அனுப்பினார். பிறகு, "அது பொல்லாததும் இல்ல, நல்லதும் இல்ல. உம்மட்டப் படிச்சது. உம்மப் போலத்தானே இருக்கும்" என்றார்.

28 ஜூலை

நிற்கிறது. ஒன்றாம் தேதி இந்தப் பழக்கத்தை எடுத்துவிடப்போவதாக சந்தீப் மெயில் போட்டிருக்கிறான். எடுத்துவிட்டால் எல்லோருக்கும் பில் போகும், இவருக்கும் போகும். ஆனால் அது அதுவாக அனுப்பியதாக இருக்காது. எனக்கு அது அதுவாக அனுப்ப வேண்டும். பைத்தியக்காரத்தனம்தான், தெரிகிறது.

30 ஜூலை

நிற்கிறது.

31 ஜூலை, வியாழன்

இட்லி எடுத்துக்கொண்டிருந்தேன். சரியாக ஏழு மணி. மேசையில் அவர் போன் ஒலித்தது.

"உங்க கிளினிக்குலருந்து பில்லுடி. எழுபத்திரண்டு டாலர்."

கரண்டியை வைத்துவிட்டு அழுதேன். அழுகையா சிரிப்பா, தெரியவில்லை. அஸ்வினி ஓடி வந்து, "வாட் ஹாப்பண்ட் அம்மா?" என்றாள். அப்பாவுக்குப் பில் வந்துவிட்டது என்றேன். அவள் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு போனாள். அவர் சட்னியைத் தொட்டுக்கொண்டு, வெறும் ஏப்பத்துக்கு எழுபத்திரண்டு டாலரா என்று அலுத்துக்கொண்டார். வீடு பழையபடி ஆகிவிட்டது என்று நினைத்தேன். முருகனுக்கு ஒரு விளக்கு ஏற்ற எழுந்தேன்.

அப்போதுதான் இன்று ஏன் என்று தோன்றியது.

நேற்று வரை நிறுத்தி வைத்தது இன்று ஏன் அனுப்பியது? ஆஸ்பத்திரி ரிப்போர்ட் கிளினிக்குக்குப் போகும். அதை அதுவும் படித்திருக்கும். நாலு நிமிஷம் என்று அதில் எழுதியிருக்கும்.

விரலை மடக்கினேன். இதயம் நின்ற பதினைந்தாம் தேதி ஒன்று. பதினாறாம் தேதி இரண்டு. நேற்று, முப்பதாம் தேதி, பதினாறு.

இன்று பதினேழு.

அவர் தட்டிலிருந்து தலையைத் தூக்கினார். "என்னடி, விரல விட்டு எண்ணிக்கிட்டிருக்க?"

கிட்டே போய் அவர் கையைப் பிடித்துப் பார்த்தேன். சூடாகத்தான் இருந்தது. ஒன்றுமில்லை, பில்லை இப்பொழுதே கட்டிவிடுங்கள் என்றேன். பாக்கி வைக்க வேண்டாம்.