முப்பத்தொரு பிரமாணப் பத்திரங்கள்

ஜூன் 14, செவ்வாய்

காலையில் அலுவலகத்தைத் திறக்கும்போதே வாசலில் பதினாறு பேர். வேலை இருக்கிறதா என்று கேட்பதை நிறுத்திவிட்டார்கள். 'வேலையற்றோர் உதவி மையம்' என்ற பலகைக்குக் கீழே வெயில் நன்றாக விழுகிறது; இங்கே ஜூன் குளிர்காலம். அதற்காக வருகிறார்கள்.

எனக்கு மாதாமாதம் சம்பளம். வேலை இல்லாதவர்களால் இந்த ஊரில் வேலை கிடைத்த ஒரே ஆள் நான்தான்.

ஜூன் 17, வெள்ளி

மாஸொண்டியின் தையல் கூடத்துக்குப் போனேன். பழைய ரொட்டிக் கிடங்கு. முப்பத்தொரு பெண்கள் பள்ளிச் சீருடை தைக்கிறார்கள். பெரிய ஆலை மூடியபோது அங்கே மேற்பார்வையாளராக இருந்தவள், ஏலத்தில் மெஷின் எடுத்துத் தொடங்கியது. சட்டக் கூலியில் மூன்றில் இரண்டு பங்குதான் தருகிறாள். அந்தக் கூலியை டர்பனில் பெரிய ஆலைக்காரர்களும் சங்கமும் சேர்ந்து உட்காரும் தொழில் மன்றம் முடிவு செய்கிறது. மந்திரி கையெழுத்துப் போட்டதும் அது எங்கள் ஊரையும் கட்டுப்படுத்துகிறது. இங்கே யாரையும் கேட்டதில்லை.

"முழுசா குடுத்தா இருபது பேரைத்தான் வெச்சுக்க முடியும். மீதி பதினொண்ணு யாருன்னு நீயே கை காட்டு மா" என்றாள் மாஸொண்டி.

முதல் மெஷினில் இருந்த ஜபுலிலே சிரித்தாள். "என்னைக் காட்டிடாதீங்க அக்கா. ஆறு வருஷம் வேலையில்லாம மாமியார் மூஞ்சியவே பாத்துட்டு உக்காந்திருந்தேன். அதுக்கு எந்த மன்றம் கூலி குடுத்துச்சு?"

மன்றத்திடம் விலக்குக் கேட்கலாம், சட்டத்திலேயே வழி இருக்கிறது என்றேன். மாஸொண்டி தலையாட்டவில்லை. "யாரு கண்ணுலயும் படாம இருக்கோம். அதனாலதான் ஓடுது."

பயந்து பயந்து பிழைப்பது ஒரு பிழைப்பா என்று கேட்டேன். எவ்வளவு அழகாகப் பேசுகிறேன்.

ஜூன் 20

மாஸொண்டி சரி என்றுவிட்டாள்.

ஜூன் 27, திங்கள்

விலக்கு மனுவோடு இணைக்கப் பிரமாணப் பத்திரம் வாங்க முப்பத்தொரு பேரையும் காவல் நிலையத்துக்குக் கூட்டிப்போனேன். இந்த நாட்டில் பிறப்பிலிருந்து சாவு வரை எதைச் சொன்னாலும் காவலர் முன்னால் பிரமாணம் செய்து முத்திரை வாங்க வேண்டும். ஒவ்வொருத்திக்கும் நானே எழுதினேன்: பெயர், அடையாள எண், வாரக் கூலி, 'இந்தக் கூலியை என் விருப்பத்தோடு ஏற்கிறேன்'. உண்மையைக் காசு பிசகாமல் சொன்னால் மறுக்க முடியாது அல்லவா?

"என்னம்மா, இத்தனை பொம்பளைங்க? யாரு எதைத் திருடினா?" என்றார் முத்திரைக்காரர்.

"வேலையைத்தான் பாபா. அதான் சரணடைய வந்திருக்கோம்" என்றாள் ஜபுலிலே. அவரும் சிரித்துவிட்டார். முதல் கையெழுத்து அவளுடையது.

ஜூலை 8

பெகானி போனில் பேசினான். சங்க அலுவலகத்தில் ஒன்பது வருடம் என் பக்கத்து மேசையில் இருந்தவன்.

"முதலாளி மடியில ஏறி உக்காந்துட்டியாமே? கேள்விப்பட்டேன்."

"அந்த முதலாளியும் மதியானம் வெறும் மக்காச்சோளக் களிதான் திங்கிறா. வந்து பாரு."

"இன்னைக்கு உன் முப்பது பேருக்குக் குறைச்சா, நாளைக்கு டர்பன்ல பத்தாயிரம் பேருக்குக் குறைப்பான். அவங்களுக்கு என்ன சொல்லுவே?"

போனை வைத்துவிட்டேன். வேலை இருப்பவனுக்குக் கூலி குறையுமே என்ற பயம். வேலையே இல்லாதவளுக்கு — அவளுக்குச் சங்கத்தில் நாற்காலி கிடையாது. வைத்த பிறகுதான் இதெல்லாம் வாயில் வருகிறது.

ஆகஸ்ட் 4, வியாழன்

விலக்கு இல்லை. ஒரே பக்கம். 'விண்ணப்பதாரர் சமர்ப்பித்த பிரமாணப் பத்திரங்களின்படியே' குறைந்த கூலி கொடுத்தது நிரூபணமாகிறதாம். பெண்களுக்குக் குறைத்த கூலி நிலுவையைக் கட்ட வேண்டும், இல்லையென்றால் மெஷின்கள் ஜப்தி. இணைப்பு: முப்பத்தொன்று.

எந்த ஆய்வாளரும் அந்தக் கிடங்குக்குள் வந்ததில்லை. தேவையே இல்லை. நான்தான் எல்லாவற்றையும் எழுதி, முத்திரை குத்தி, பதிவுத் தபாலில் அனுப்பினேனே. அடிப்பாவி. அடிப்பாவி.

ஆகஸ்ட் 5

மாஸொண்டி திட்டவில்லை. தேநீர் கொடுத்தாள்.

செப்டம்பர் 13, செவ்வாய்

லாரி வந்தது. பெண்கள் அதன் முன்னால் கைகோத்து நின்று பாடினார்கள். ஜப்தி அதிகாரி தொப்பியைக் கழற்றி வைத்துக்கொண்டு பாட்டு முடியும்வரை காத்திருந்தார். முடிந்ததும் ஏற்றச் சொன்னார்.

"உங்க நிலுவைக்காகத்தான்மா எடுக்கிறோம். வித்து வர்ற பணம் உங்களுக்கே" என்றார். நல்ல மனிதர்தான்.

"எங்களுக்குத்தானே? அப்ப மெஷினாவே குடுத்துட்டுப் போங்களேன்" என்றாள் ஜபுலிலே.

"அதுக்குப் படிவம் இல்லம்மா."

நான் சுவரோரமாக நின்றேன். யாரும் என் பக்கம் திரும்பவில்லை. பார்த்துத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அக்டோபர் 6

நிதி தருபவர்களுக்கு அரையாண்டு அறிக்கை. 'சட்ட உதவி பெற்றவர்கள்' என்ற கட்டத்தில் 31 என்று போட்டேன். பொய் இல்லை.

சீருடை ஒப்பந்தம் லெசோத்தோ நாட்டிலுள்ள ஓர் ஆலைக்குப் போய்விட்டது. எல்லைக்கு அந்தப் பக்கம் கூலி இன்னும் குறைவு. அது யார் சட்டத்தையும் மீறவில்லை.

அக்டோபர் 7

மாஸொண்டி அக்காள் வீட்டோடு போய்விட்டாள். விலாசம் யாரும் தரவில்லை.

நவம்பர் 22, செவ்வாய்

இன்று ஒரு வீட்டுக்குப் போனேன். எந்தப் பகுதி, எந்தத் தெரு — எழுதமாட்டேன். எத்தனை பேர், எத்தனை மெஷின், யார் யார், அதுவும் வேண்டாம். ஜனவரியில் பள்ளி திறக்கிறது, சீருடைக்கு ஆள் தேடி வருகிறார்கள். அவ்வளவுதான்.

வாசலிலேயே என் பையை ஒருத்தி வாங்கி அடுப்படி அலமாரியில் வைத்தாள். பேனா, நோட்டு எல்லாம் அதில்தான்.

"தப்பா எடுத்துக்காதீங்க மேடம்" என்றாள். முன்பு என்னை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள்.

ஜன்னலில் போர்வை மாட்டியிருந்தது. உள்ளே புழுக்கம். கூலி எவ்வளவு என்று கேட்க வாயெடுத்தேன். மெஷின்கள் நின்றன. ஓரமாகப் போய் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து யாரோ ஒரு கத்தரியையும் தைத்த சட்டைக் கட்டையும் என் மடியில் வைத்தார்கள்.

நாலு மணி வரை நூல் பிசிறு வெட்டினேன். கிளம்பும்போது, நாளைக்கும் வரலாம் என்றார்கள். பையை வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொன்னார்கள்.