படகுத்துறையில் இரண்டு கார்கள்

ஜனவரி 9

காலையில் படகுத்துறை. வழக்கம்போல என் காரும் பெல்மீராவின் காரும் எதிரெதிர் முகமாக, ஜன்னலுக்கு ஜன்னல். கண்ணாடியை இறக்கிக் காப்பி குடித்தோம். என் கணவர் ஆல்டன் கண்மூடிய பிறகு நான் வாய்விட்டுப் பேசுவது இந்த ஒரு வேளைதான். மற்ற நேரமெல்லாம் ரேடியோவோடு சண்டை.

அவள் மகன் நெல்சன் ஜூனில் வாடகை வீட்டைக் காலி செய்ய வேண்டுமாம். வீட்டுக்காரர் கோடைக்கு வருகிறவர்களுக்கு வார வாடகைக்கு விடப் போகிறார். "இந்த ஊர்ல பாதி வீட்டுக்குக் கூரை போட்டவன் என் புள்ள. அவன் தலைக்கு மேல ஒரு கூரை இல்லடீ" என்றாள். டோனட்டைப் பிய்த்துப் பாதி கொடுத்தேன்.

ஜனவரி 16

சுகாதார வாரியக் கூட்டம். தலைவர் ஹார்லன், பெல்மீரா, நான் - மூன்றே பேர். சம்பளம் கிடையாது, திட்டு மட்டும் உண்டு. பெல்மீரா பேச்சைக் கேட்டுத் தேர்தலில் நின்றேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டால் குடையத்தானே செய்யும்.

இனி வரும் குடியிருப்புகளின் செப்டிக் டேங்கிலிருந்து மண்ணில் இறங்கும் நைட்ரஜனுக்கு வரம்பை இறுக்குவதா என்று ஆராய்கிறோம். இங்கே எல்லாம் மணல். இறங்குவதெல்லாம் கடைசியில் உப்பங்கழிக்குத்தான் வருகிறது, பாசிக்கு உரமாக. பழைய கிரான்பெரி வயலில் நாற்பது வீடு கட்ட ஒரு கம்பெனி வந்திருக்கிறது. அதில் சில வீடுகள் குறைந்த வாடகையில் உள்ளூர்க்காரர்களுக்கு. வரம்பை இறுக்கினால் கட்டுபடியாகாது, போய்விடுவோம் என்கிறார்கள்.

ஹார்லனுக்கு இறுக்க வேண்டும். பெல்மீராவுக்கு வேண்டாம். ஆக, எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒத்திவைத்தோம்.

ஜனவரி 21

எங்கள் மேல் புகார்! வாரிய உறுப்பினர்கள் இருவர் தினமும் படகுத்துறையில் இரகசியக் கூட்டம் நடத்துகிறார்களாம். ஊர் வக்கீல் போனில் சிரித்துக்கொண்டே சொன்னார். மூன்று பேர் வாரியத்தில் இரண்டு பேர் சேர்ந்து விஷயத்தைப் பேசினாலே அது கூட்டம். முன்னறிவிப்பு ஒட்ட வேண்டும், ஊர் வந்து கேட்கலாம்.

"நாங்க முட்டிவலியப் பத்திப் பேசுறோம் சார்."

"இருக்கலாம்மா. பார்க்கிறவங்களுக்கு எப்படித் தெரியும்? ஓட்டு முடியற வரைக்கும் தள்ளியே இருங்க."

ஜனவரி 22

துறையின் இந்தக் கோடியில் நான், அந்தக் கோடியில் அவள். நடுவில் கடற்காகங்கள். ஒருமுறை முன்விளக்கை மினுக்கினாள். நானும் மினுக்கினேன். இதற்கும் முன்னறிவிப்பு ஒட்ட வேண்டுமோ?

பிப்ரவரி 6

பனி. இன்று யாரோடும் பேசவில்லை. பேங்கில் "தேங்க்ஸ்" சொன்னது கணக்கில் வருமா?

பிப்ரவரி 19

கழி வரை நடந்தேன். ஆல்டன் சிப்பி அள்ளிய இடத்தில் இப்போது ஒரு கடற்புல்கூட இல்லை. போன ஆகஸ்டில் பாசி அழுகி, நண்டுகள் மூச்சுவிட முடியாமல் கரையேறிச் செத்துக் கிடந்தன. அந்த நாற்றத்தில் ஜன்னலைத் திறக்க முடியவில்லை.

ஆனால் இதைக் கெடுத்தது யார்? வரப்போகிற நாற்பது வீடா? ஏற்கெனவே இருக்கும் நாங்கள்தான். என் வீட்டு டேங்கும் சேர்த்தி. நாங்கள் கெடுத்ததற்கு நெல்சன் ஏன் வெளியே நிற்க வேண்டும்? அதற்காக மேலும் கெட விடுவதா?

பெல்மீராவிடம்தான் இதைக் கேட்க வேண்டும். அவளிடம்தான் கேட்கக் கூடாது.

மார்ச் 5

கூட்டத்தில் உட்கார இடமில்லை. பெல்மீரா மைக்கை இழுத்தாள். விதிப்படி என் முகத்தைப் பார்க்காமல், ஹார்லனைப் பார்த்துச் சொன்னாள்:

"தலைவர் மூலமா உறுப்பினர் வில்மாவுக்கு ஒண்ணு சொல்லிக்கிறேன். இந்த வீடுங்க வரலேன்னா என் மகன் பொண்டாட்டி புள்ளைங்களோட சௌத் கரோலினா போயிடுவான். அவங்க பின்னாடியே நானும் போயிடுவேன்."

ஊரோடு ஊராக நானும் கேட்டேன். இப்படியாடீ எனக்குச் சொல்வே? மைக்குலயா? விளக்க மினுக்குனியே, அப்பவும் இதான் மனசுல இருந்துச்சா?

மார்ச் 12

படகுத்துறைக்குப் போகவில்லை.

மார்ச் 19

ஓட்டு. "வரம்பை இறுக்க ஆதரவா இருக்கிறவங்க?" என்று கேட்டுவிட்டு ஹார்லன் கையைத் தூக்கினார். பெல்மீரா தண்ணீர்க் குவளையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குச் செத்த நண்டுகள் நினைவுக்கு வந்தன. நெல்சனின் சின்ன மகளும் நினைவுக்கு வந்தாள். என் கை மேலே போயிற்று.

யாரோ கைதட்டினார்கள். அவர்களை அறையலாம்போல இருந்தது.

மார்ச் 20

இனி நாங்கள் பேசத் தடை இல்லை. இரண்டு காப்பி வாங்கிக்கொண்டு பழைய இடத்தில் நிறுத்தினேன். அவள் வரவில்லை. இரண்டையும் நானே குடித்தேன்.

ஏப்ரல் 27

கிரான்பெரி வயலில் கம்பெனிப் பலகையைப் பிடுங்கிவிட்டார்கள்.

ஜூன் 14

துறையில் அவள் கார்! பின்சீட் முழுக்கப் பெட்டிகள். ஜன்னலுக்கு ஜன்னல் கொண்டுவந்து நிறுத்தினாள். வாரியத்திலிருந்து விலகல் கடிதம் கொடுத்துவிட்டாளாம்.

"கோபமா?" என்றேன்.

"இல்லாம இருக்குமா?" என்றாள். பிறகு, "டப்பால அடைச்சு விக்கிறதையே தின்னுக்கிட்டு இருக்காதடீ. அடுப்பப் பத்த வை."

கையை வெளியே நீட்டினாள், எட்டவில்லை. நான் கதவைத் திறந்து இறங்குவதற்குள் நெல்சனின் லாரி ஹாரன் அடித்தது.

ஆகஸ்ட் 30

பெல்மீரா போன் செய்தாள். அங்கே வீட்டுக்குள்ளேயே வேகிறதாம். நெல்சன் தினமும் கூரை மேல்தான்.

"கழி எப்படி இருக்கு?"

"பச்சையா நாறுது. ஏற்கெனவே மண்ணுல இருக்கிறது இறங்கி முடியவே பல வருஷம் ஆகுமாம்."

அவள் இப்போது உறுப்பினர் இல்லை. எதை வேண்டுமானாலும் பேசலாம், எந்தச் சட்டமும் குறுக்கே வராது. குளிர்காலம் முழுக்கக் கேட்க முடியாததைக் கேட்டேன். "என் இடத்துல இருந்தா நீ என்னடீ பண்ணியிருப்பே?"

அவள் ஃபேனை நிறுத்துவது கேட்டது.

"நெல்சன் என் புள்ளையா இல்லேன்னா, நானும் உன்கூடத்தான் கை தூக்கியிருப்பேன். அன்னிக்கு அதச் சொல்லக்கூடாதுன்னு சட்டம் இருந்துச்சு. சட்டம் இல்லேன்னாலும் சொல்லியிருக்க மாட்டேன்."

போனை வைத்துவிட்டு அழுதேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு துறைக்குப் போனேன். கோடைக் கூட்டம், நிறுத்த இடமே இல்லை. சுற்றிச் சுற்றி வந்து பழைய இடத்தைப் பிடித்து, பக்கத்தில் ஒரு கார் நிற்கிற அளவு விட்டு நிறுத்தினேன். யாரோ வெளியூர்க்காரர் நன்றி சொல்லிவிட்டு அதில் வந்து நின்றார்.