டாயில் என்றால் கறுப்பு அந்நியன்

இன்று காலை உங்கள் மகன் வந்து உங்கள் வீட்டுத் தபால் பெட்டியில் இருந்த பெயர் எழுத்துகளைக் கழற்றிக்கொண்டு போனார். வீட்டை விற்கப் போகிறார்களாம். வெயிலிலும் மழையிலும் கிடந்து சாம்பல் பூத்த பலகையில் 'டாயில்' என்ற உங்கள் பெயர் இருந்த இடம் மட்டும் புதுசாகத் தெரிகிறது. தபால் எடுக்கப் போனவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். ரவுண்ட் ராக் என்ற இந்த அமெரிக்க ஊரில், இந்தத் தெருவில் நான் பயமில்லாமல் பேசிய ஒரே ஆள் நீங்கள்தான்.

அந்தப் பெயரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் உங்களை நிறுத்த முடியாது. புல் வெட்டும் மெஷினை அணைத்துவிட்டு வேலியில் சாய்ந்துகொள்வீர்கள். அயர்லாந்தில் அதற்கு முன்னால் ஓர் 'ஓ' இருந்ததாம். பேரன் என்று அர்த்தமாம். இங்கிலீஷ்காரர்கள் ஆண்ட காலத்தில் அது விழுந்துவிட்டது. மிச்சப் பெயருக்குக் கறுப்பு அந்நியன் என்று பொருள். கப்பலேறிக் கொள்ளையடிக்க வந்தவர்களுக்கு ஊர்க்காரர்கள் பயந்துபோய் வைத்த பெயர். வந்தவர்கள் அங்கேயே பெண்ணெடுத்து, தங்கி, ஐரிஷ்காரர்களாகவே ஆகிவிட்டார்கள் என்பீர்கள். உங்கள் வெள்ளை முகத்தைப் பார்த்து நான் சிரித்திருக்கிறேன்.

எங்களுக்குக் குடும்பப் பெயரே கிடையாது என்று சொன்னபோது நீங்கள் நம்பவில்லை. அப்பா பெயரைச் சேர்த்துக்கொள்வோம், அவ்வளவுதான். எனக்குப் பொன்னுசாமி, என் கணவர் சேகருக்கு ராமசாமி, மகள் நிலாவுக்குச் சேகர். "ஒரே வீட்டில் மூன்று பெயரா? தபால்காரர் பாவம்" என்றீர்கள்.

அது விளையாட்டுப் பேச்சாகவே நின்றிருக்கும். ஆனால் செப்டம்பரில் நியூயார்க்கில் அந்த இரட்டைக் கோபுரங்கள் விழுந்தன. எங்களைப் போன்ற நிறத்தவர்கள் எல்லாரையும் ஊர் சந்தேகமாகப் பார்த்தது. ஆபீஸ் வேலையாகப் போன சேகர் நியூ ஜெர்சியில் மாட்டிக்கொண்டார். விமானம் எதுவும் பறக்கவில்லை. எப்போதும் அவர்தான் நிலாவைக் குழந்தைகள் காப்பகமான டேகேரிலிருந்து கூட்டி வருவார். அன்றைக்கு நான் போக வேண்டியதாயிற்று. கிளம்பும்போது போன் செய்தார்.

"பொட்ட எடுத்துடு மல்லி. சுடிதார் வேணாம், ஜீன்ஸ் போட்டுக்கோ. யார்கிட்டயும் நின்னு பேசாத. ஸ்ட்ரெய்ட்டா டேகேர், ஸ்ட்ரெய்ட்டா வீடு."

எடுத்துவிட்டேன். எடுத்த இடம் கண்ணாடியில் வெளுப்பாகத் தெரிந்தது.

டேகேரில் வழக்கமான டீச்சர் இல்லை. புதிதாக ஒரு பெண் இருந்தாள். பதிவேட்டில் அவர்களாகவே என்னை மல்லிகா சேகர் என்று எழுதி வைத்திருந்தார்கள்; நான் நீட்டிய டிரைவிங் லைசென்ஸில் மல்லிகா பொன்னுசாமி. அவள் லைசென்ஸைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி லைசென்ஸைப் பார்த்தாள். கேட்டுவிட்டு வருகிறேன் என்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கண்ணாடி வழியாக அவள் போனை எடுப்பது தெரிந்தது. பக்கத்தில் நின்ற ஓர் அம்மா தன் பையனைக் கிட்ட இழுத்துக்கொண்டாள். போலீஸ் வரும், நிலாவைக் கொண்டுபோய்விடுவார்கள், சேகர் ஊரில் இல்லை, கிரீன் கார்டு இன்னும் வரவில்லை என்று மனசு எங்கெங்கோ ஓடியது. தெரிந்த இங்கிலீஷும் மறந்துபோனது. குழந்தை உள்ளே இருக்கும்போதே என் கால் வாசலைப் பார்த்துத் திரும்பியது.

அப்போதுதான் உங்கள் பேரனைக் கூட்டிப்போக வந்தீர்கள். பாதித் தமிழில் உளறினேன். நீங்கள் குழந்தைகள் உட்காரும் நீல நாற்காலிகளில் இரண்டை இழுத்து அந்தக் கதவுக்கு எதிரே போட்டு, ஒன்றில் உட்கார்ந்துகொண்டீர்கள். முழங்கால் இரண்டும் மார்புக்கு வந்துவிட்டன.

"உட்கார். நின்றுகொண்டிருந்தால், போய்விடுவாய் என்று நினைப்பார்கள்."

உங்கள் பேரன் பையை மாட்டிக்கொண்டு வந்து நின்றான். நீங்கள் எழுந்திருக்கவில்லை. அந்தப் பெண் வெளியே வந்ததும் குரலை உயர்த்தாமல், இவள் அந்தக் குழந்தையின் அம்மா, என் பக்கத்து வீடு, யாரை வேண்டுமானாலும் கூப்பிடுங்கள், நாங்கள் இங்கேதான் இருப்போம் என்றீர்கள். உங்களுக்குப் பயமே கிடையாது என்று நினைத்திருந்தேன். முழங்காலில் வைத்திருந்த உங்கள் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

அவள் மறுபடி யாருக்கோ போன் செய்தாள். பிறகு நிலாவை அழைத்து வந்தாள். "மம்மி, ஆர் வி இன் ட்ரபிள்?" என்று கேட்டது குழந்தை. சும்மா உட்கார்ந்திருக்கிறோம் கண்ணு என்று நீங்கள்தான் சொன்னீர்கள்.

உங்கள் பெயரைக் கேட்டு ஊர் பயப்படாமல் இருக்க எவ்வளவு காலம் ஆயிற்று என்று பார்க்கிங்கில் கேட்டேன். "சில நூறு வருஷம் ஆகியிருக்கும்" என்றீர்கள். இருவருக்குமே சிரிப்பு வரவில்லை.

சேகர் திரும்பி வந்ததும், "எல்லாருக்கும் ஒரே லாஸ்ட் நேம் வச்சிடலாம் மல்லி. நமக்கு எதுக்கு வம்பு?" என்றார். நானும் சரி என்றுதான் இருந்தேன். உங்களிடம் சொன்னபோது வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். "எங்கள் ஆட்களும் பயந்துதான் அந்த ஓ-வை விட்டார்கள்" என்றீர்கள். நவம்பரில் நீங்கள் இறந்துபோனீர்கள். சேகருக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

நேற்று லைசென்ஸ் புதுப்பிக்கப் போனேன், பொட்டு வைத்துக்கொண்டு. கவுண்டரில் இருந்தவர் என் பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு உள்ளே எடுத்துப் போனார். கால் பழையபடி வாசல் பக்கம் திரும்பியது. சுவரோரம் கிடந்த நாற்காலியைக் கவுண்டருக்கு எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவர் வந்து பெயரைக் கேட்டார். மல்லிகா பொன்னுசாமி என்று முழுசாகச் சொன்னேன். கை நடுங்கியது. உங்களைப் போலவே அதை முழங்காலில் வைத்துக்கொண்டேன்.