வாத்தும் ஓர்மராட் வீட்டுக் கதவும்

மார்ச் 4, திங்கள்

தபால் ஆபீஸ் வரிசையில் இன்றைக்கும் ஒருத்தன் பின்னாலிருந்து "குவாக்" என்றான். திரும்பிப் பார்த்தால் நாற்பது வயதுத் தடியன், கையில் பார்சல், முகமெல்லாம் பல். நானும் சிரித்து வைத்தேன். சிரிக்காவிட்டால் ரஸ்ஸல் என்ட்விசிலுக்குத் தலைக்கனம் என்று எங்கள் மோர்கம் ஊர் முழுக்கப் பேசுவார்கள்.

எல்லாம் நானே தேடிக்கொண்டதுதான். இருபத்தைந்து வயதில் பூங்காக் குளத்து வாத்து கத்தியதை மைக்கில் பிடித்து, விளையாட்டாக ஒரு தாளத்துக்குள் போட்டேன். அந்தக் கோடையில் நாடே அதற்கு ஆடியது. அதற்குப் பிறகு நாலு ஆல்பம் போட்டிருக்கிறேன். ஒரு நாய் கேட்டதா? எந்த ஊரில் டிஜேயாக மேடை ஏறினாலும் இரண்டாவது பாட்டுக்குள் கூட்டம் குவாக் குவாக் என்று ஆரம்பித்துவிடும். விமரிசனம் எழுதுகிற புண்ணியவான்களும் 'வாத்துப் புகழ்' என்றுதான் தொடங்குவார்கள். புகழாம் புகழ்.

ஒரே ஒரு தடவை, அந்த வாத்தை மறந்துவிட்டு என் பாட்டை யாராவது காது கொடுத்துக் கேட்க வேண்டும். இது பேராசையா?

மார்ச் 9, சனி

முடிவு செய்துவிட்டேன். வெள்ளைத் தட்டு போடப் போகிறேன்.

எங்கள் தொழிலில் இது பழைய வழக்கம். இசைத்தட்டின் நடுவில் வெறும் வெள்ளைக் காகிதம். பெயர் கிடையாது, ஊர் கிடையாது. கடைகளுக்கும் வானொலிகளுக்கும் அனுப்பிவிட்டுப் பேசாமல் இருக்க வேண்டும். பெயர் தெரியாவிட்டால் ஜனங்கள் பாட்டையாவது கேட்பார்கள். நான் ஒரு மின்னஞ்சல் முகவரி மட்டும் வைத்தேன், புதிதாக ஆரம்பித்தது.

உருளைக்கிழங்கை வெட்டி அச்சு செய்து ஒவ்வொரு தட்டிலும் ஒரு வட்டம் குத்தினேன். டெனிஸ் வந்து பார்த்தாள். "ராத்திரி சிப்ஸுக்கு வச்சிருந்த கிழங்குய்யா அது" என்றாள். கலைஞனின் மனைவி பேசுகிற பேச்சா?

பாட்டின் உயிர், பக்கத்து வீட்டு ஓர்மராட்டின் கார் ஷெட்டுக் கதவு. திறந்தால் ஒரு நீளமான கிறீஈஈச், மூடினால் ஒரு தடால். என்ன சத்தம் அது! குளியலறை ஜன்னல் வழியே மைக்கை நீட்டி, காற்று இரையாமல் டெனிஸின் காலுறையை அதற்கு மாட்டி, திருட்டுத்தனமாகப் பிடித்தேன். கேட்டு வாங்கலாம்தான். ஆனால் பாட்டில் பேஸ் அதிர்வு கொஞ்சம் ஏறினால் துடைப்பக்கட்டையால் சுவரை இடிக்கிற மனுஷனிடம் எந்த முகத்தோடு போய்க் கேட்பது? பதினோரு வருஷமாக இடிக்கிறார்.

ஏப்ரல் 2, செவ்வாய்

ரேடியோவில் வந்துவிட்டது!! அறிவிப்பாளர் இரண்டு தடவை போட்டார். "இதைப் போட்டவன் யாரோ தெரியல. ஆனா இருபத்து மூணு வயசுக்கு மேல இருக்காது, அது மட்டும் நிச்சயம்" என்றார்.

நான் அடுப்படியில் ஆடிய ஆட்டத்தில் ஒரு கோப்பை உடைந்தது. டெனிஸ், "இருபத்து மூணு வயசுக்காரரே, முட்டிக்கு மருந்து தடவிட்டு ஆடுங்க" என்றாள். போகட்டும்.

அப்போது வாசல் மணி. ஓர்மராட். எழுபத்தி நாலு வயசு, தேனீ வளர்க்கிறவர், தேனீக்களே இவரைப் பார்த்துத்தான் பயப்படும்.

"ஏம்ப்பா, ரேடியோல என் கதவு வந்துச்சே."

"எந்தக் கதவு?" என்றேன்.

"முப்பது வருஷமா அதைத் திறந்து மூடுறவன்கிட்ட எந்தக் கதவுன்னா கேக்குற? இவ்வளவு ரகசியமா வச்சிருக்கியே, வெளிய தெரிஞ்சா என்ன ஆகும்?"

என்ன ஆகும்? இங்கிலாந்து முழுக்க மறுபடியும் குவாக் ஆகும். கையைப் பிடித்துக் கெஞ்சினேன். கொஞ்ச நேரம் என் வீட்டு வேலியையும் அவர் வீட்டு வேலியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என் பக்கத்து வேலி ரொம்ப வளந்து கிடக்கு" என்றார்.

ஏப்ரல் 5, வெள்ளி

வேலி வெட்டினேன். பேனா பிடிக்க முடியவில்லை.

ஏப்ரல் 19, வெள்ளி

குப்பைத் தொட்டியும் இப்போது என் வேலை. புதன்கிழமை காலையில் அவருடையதையும் தெருமுனைக்குத் தள்ளிவிட்டு வர வேண்டும். எந்த வாரம் எந்த நிறத் தொட்டி என்பதற்கு நகராட்சியில் ஒரு கணக்கு உண்டு. போன வாரம் பச்சைத் தொட்டிக்குப் பதில் நீலத் தொட்டியை வைத்துவிட்டேன். அதற்கு ஒரு சொற்பொழிவு.

அது போதாதென்று பிப்பா போன் செய்தாள். எனக்கு நிகழ்ச்சி பிடித்துக் கொடுக்கிறவள், லண்டன்காரி, மூச்சு விடாமல் பேசுவாள்.

"ரஸ்ஸல், உனக்கு ஒரு மேடை. உங்க ஊர் கடற்கரை விழா, ஜூன் எட்டு, மத்தியானம். அந்த வெள்ளைத் தட்டுப் பையன் வர்றான்! அவனுக்கு முன்னாடி கூட்டத்தைச் சூடாக்க ஒரு ஆள் கேட்டாங்க, உன்னைச் சொல்லிட்டேன்."

அந்தப் பையன் நான்தான். விழாக்காரர்கள் மின்னஞ்சல் அனுப்பினார்கள், ஆசையில் தலைகால் புரியாமல் சரி என்று செவ்வாய்க்கிழமையே பதில் போட்டுவிட்டேன். இப்போது முடியாது என்று சொல்ல வேண்டியதுதானே? சொன்னேனா? இதற்கும் சரி என்றேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வதென்றால் எனக்கு அவ்வளவு இஷ்டம்.

"அவன்கிட்ட ரெண்டு விஷயம் கத்துக்கோ" என்றாள் பிப்பா. "சின்னப் பையன்தான், ஆனா எவ்வளவு அடக்கமா பதில் எழுதுறான் தெரியுமா?"

மே 11, சனி

முகமூடி போட்டுக்கொண்டு இரண்டு பேராகவும் நானே வந்துவிடலாம் என்றிருந்தேன். அதிலும் மண். விழாக்காரர்களுக்கு, சூடாக்குகிறவரும் வெள்ளைத் தட்டுக்காரனும் மேடையில் கைகுலுக்குகிற மாதிரிப் படம் வேண்டுமாம். என் கையை நானே எப்படிக் குலுக்குவேன்?

"அப்படியே குலுக்கினாலும் தொப்பை காட்டிக்கொடுத்துடும்" என்றாள் டெனிஸ்.

வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு இருமல். ஓர்மராட் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறார்.

"நான் நிக்கிறேன்" என்றார். "தேனீ உடுப்பு இருக்கு. தலையோட வலை மூடிரும். யாருக்கு என்ன தெரியப் போவுது?"

"உங்களுக்கு எதுக்கு மிஸ்டர் ஓர்மராட் இந்த வம்பு?"

"என் கதவு மேடை ஏறுது. வீட்டு ஆளுங்க ஒருத்தராவது போக வேணாமா?"

ஜூன் 7, வெள்ளி

ஒத்திகை. முழு நிகழ்ச்சியையும் முன்பே கோத்து ஒரு பென் டிரைவில் போட்டுவிட்டேன். எங்கள் தொழிலில் யாரும் வெளியே சொல்லிக்கொள்ளாத காரியம் இது. ஓர்மராட்டுக்கு ஒரே வேலை, மிக்ஸர் என்கிற ஒலி கலக்கும் பெட்டியின் ஓரத்தில் இருக்கும் ஒரு திருகை அவ்வப்போது திருகுவது. அது எதோடும் இணைக்கப்படவில்லை.

"இதைத் திருகுனா என்ன ஆகும்?"

"ஒண்ணும் ஆகாது."

"அப்ப நீங்கள்லாம் மேடையில இத்தனை வருஷமா இதைத்தான் பண்றீங்களா?"

பென் டிரைவைப் பையில் போட்டுக்கொண்டேன்.

ஜூன் 9, ஞாயிறு

நேற்று நடந்ததை எங்கிருந்து எழுதுவது?

தூறல். கடல் வடிந்து எங்கோ தள்ளிக் கிடந்தது. வினிகர் ஊற்றிய சிப்ஸ் வாசனை மேடை வரைக்கும். முதலில் நான். இரண்டாவது பாட்டுக்குள் குவாக் ஆரம்பித்துவிட்டது. ஒருத்தன் ஆளுயரத்துக்குக் காற்றடைத்த வாத்து கொண்டுவந்திருந்தான். வீட்டிலிருந்து மெனக்கெட்டுத் தூக்கி வந்திருக்கிறான் சண்டாளன்!

அப்புறம் ஓர்மராட். வெள்ளை உடுப்பும் முகத்தில் வலையுமாக ஏறினார், கூட்டம் அலறியது. படம் எடுக்கக் கைகொடுத்தேன். நசுக்கிக்கொண்டே காதில், "புதன்கிழமை பச்சைத் தொட்டி" என்றார்.

பாட்டு ஆரம்பித்தது. ஓர்மராட் ஏதோ பாதிரியார் மாதிரி நிதானமாகத் திருகைத் திருகினார். கதவு வந்தது. கிறீஈஈச் — தடால். கடற்கரையில் இருந்த அத்தனை கையும் மேலே போனது. ஒருத்தர், ஒருத்தர்கூட குவாக் சொல்லவில்லை. வாத்தைத் தூக்கி வந்தவன் அதைக் கீழே போட்டுவிட்டுக் கண்ணை மூடி ஆடினான். மேடை ஓரத்தில் ஒயர்களுக்கு நடுவே நின்று நான் அழுதேன். வெட்கமில்லாமல் எழுதுகிறேன், அழுதேன்.

அப்போது பாழாய்ப்போன அந்தத் தேனீ. உடுப்பின் எந்த மடிப்பில் ஒளிந்திருந்ததோ, வலைக்குள்ளே வந்துவிட்டது. ஓர்மராட் கையை வீசினார். தலையை உதறினார். ஒற்றைக் காலில் குதித்தார். ஆடுகிறார் என்று நினைத்துக் கூட்டமும் கையை வீசி, தலையை உதறி, ஒற்றைக் காலில் குதித்தது. கடைசியாக ஒரு வீச்சு மிக்ஸர் மேல் விழுந்தது. சத்தம் நின்றது.

அவர் வலையைப் பிடுங்கி எறிந்தார். வழுக்கைத் தலை, வெள்ளை மீசை, சிவந்து வீங்கிய மூக்கு.

என் பக்கத்தில் பிப்பா, "இருபத்து மூணுன்னாங்களேடா!" என்றாள்.

ஓர்மராட் மைக்கை எடுத்தார். எடுக்காதேய்யா, எடுக்காதேய்யா என்று கையெடுத்துக் கும்பிட்டேன். எடுத்துவிட்டார்.

"என்னை ஏன் பாக்குறீங்க? கதவுதான் என்னுது. பாட்டு, அதோ நிக்கிறானே, என் பக்கத்து வீட்டுக்காரன், அவனோடது. ஆமா, வாத்துக்காரன்தான். பதினோரு வருஷமா ஒரே சுவர் எங்க ரெண்டு பேருக்கும். அவன் போட்டது அத்தனையும் கேட்டிருக்கேன். போட்டு, பிடிக்காம அழிச்சதுகூடக் கேட்டிருக்கேன். அதுல ஒண்ணு ரெண்டு எங்க வீட்டுக்காரி தவறிப்போன வருஷம் எனக்குத் துணையா இருந்துச்சு. இருக்குறதுலயே மட்டமானது அந்த வாத்துதான். அதைப் போயி இருபது வருஷமா பிடிச்சுத் தொங்குறீங்களே, வெக்கமா இல்ல?"

நாலு ஆல்பத்தை ஒரு நாய் கேட்டதா என்று இந்த நோட்டில்தானே எழுதினேன்?

பின்னாலிருந்து யாரோ மெதுவாக ஒரு "குவாக்." எல்லாரும் அவனைத் திரும்பி முறைத்தார்கள். எனக்குத்தான் சிரிப்பு வந்துவிட்டது. மேடைக்குப் போனேன். ஓர்மராட்டின் மூக்கிலிருந்து கொடுக்கை எடுத்துவிட்டு, பென் டிரைவைக் கழற்றி வைத்துவிட்டு, என் கையாலேயே கதவிலிருந்து ஆரம்பித்தேன்.

ஜூன் 12, புதன்

யாரும் கேட்காமலே பச்சைத் தொட்டியை வைத்தேன்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

மீன் கடை வரிசையில் ஒருத்தி பின்னாலிருந்து "கிறீஈஈச்" என்றாள். கடைக்காரர் கல்லாவில் கையால் "தடால்" போட்டார். இனி சாகும்வரை நான் கதவுக்காரன் போலிருக்கிறது. டெனிஸிடம் சொன்னேன். "பதவி உயர்வுதான், வாங்கிக்கோ" என்றாள்.

சாயங்காலம் புதுப் பாட்டு ஒன்றைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். சுவரில் துடைப்பக்கட்டை, டொக் டொக். பழக்க தோஷம், உடனே குறைத்தேன். கொஞ்ச நேரத்தில் வாசல் மணி.

"ஏன் குறைச்ச?"

"நீங்கதானே சுவத்தை இடிச்சீங்க?"

"தாளம் போட்டேன்யா."

அவரையே பார்த்தேன். "அப்ப இத்தனை வருஷமா இடிச்சது?"

ஓர்மராட் மீசையைத் தடவினார். "முதல் ரெண்டு வருஷம் கோவத்துலதான் இடிச்சேன்" என்றார். "போ, போய்ச் சத்தத்தைக் கூட்டி வை. நாளைக்கு நீலத் தொட்டி."

கூட்டி வைத்தேன்.