கோப்புக்கு வைத்த பெயர்

மார்ச் 3

அண்ணி என் போட்டோ கடைக்கு வந்தாள். போனில் யாரிடமோ, “வாழாவெட்டிக்கு கேமரா ஒண்ணுதான் குறைச்சல்” என்றாள். என் காதில் விழட்டும் என்றுதான் சொன்னாள். விழுந்தது.

முடிவு செய்துவிட்டேன். ஒரு சொல்லால் ஒதுக்கப்பட்ட பன்னிரண்டு பேர். பெரிய படங்கள், பெயரோடு. நூலகக் கூடத்தை ஏப்ரல் 12க்குக் கேட்டு வாங்கியாயிற்று. பார்க்கட்டும் எல்லாரும்.

மார்ச் 9

மூன்று நாள் கெஞ்சியபின் எதிர்க்கடை டெய்லரக்கா வந்து உட்கார்ந்தாள். சின்ன வயதில் எண்ணெய் கொட்டிய வலது கன்னம். கேமரா என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறவள்.

“மறைச்சு கிறைச்சு வச்சிடாத.”

“ஒரு புள்ளிகூடத் தொடமாட்டேன்க்கா.”

நேராகப் பார்த்தாள். இதுவரை நான் எடுத்ததிலேயே நல்ல படம்.

மார்ச் 11

படத்தைக் காட்டக் கணினித் திரையை அவள் பக்கம் திருப்பினேன். ஓரத்தில் இருந்த பட்டியலை மறந்தே போனேன். ஆள் நினைவிருக்க நான் கோப்புகளுக்கு வைக்கும் பெயர்கள்: சொட்டை, மாறுகண், யானைக்குட்டி. கடைசியில், வெந்தமூஞ்சி.

வாசித்தாள்.

“மத்தவங்க வாயாலதான் சொன்னாங்க. நீ எழுதியே வச்சிருக்க.”

போய்விட்டாள்.

அவசரத்துல வச்சதுன்னு சொல்லலாம். அவசரத்துல ஏன் அந்த வார்த்தைதான் வரணும்? அடி வாங்கினவளுக்கே புத்தி இல்லன்னா... சீ.

மார்ச் 12

அவள் கடை வாசல்வரை போனேன். தையல் மெஷின் நிற்கவே இல்லை. திரும்பி வந்துவிட்டேன்.

மார்ச் 20

நானூற்றுப் பன்னிரண்டு கோப்புகள். ரசீதுப் புத்தகத்தைப் பார்த்துப் பெயர் மாற்றுகிறேன். அதில் இல்லாதவர்களுக்குப் போன்.

“இத்தனை நாளா என்ன பேரு வச்சிருந்தம்மா?” என்று கேட்டார் ஒருவர்.

சொன்னேன். சிரித்தார். “நல்லவேளை, என் பொண்ணு பாக்கல.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 21

இன்னும் நூற்று முப்பது. விடமாட்டேன்.

ஏப்ரல் 4

இன்று போய்விட்டேன். “தப்பு என்னோடதுக்கா. படத்தை அழிக்கச் சொன்னா இப்பவே அழிக்கிறேன்.”

நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். “உன்னை என்னன்னு சொல்றாங்க?”

சொன்னேன். என் வாயால் அதைச் சொன்னது இதுதான் முதல்தடவை.

“அப்ப நீ ஏன் கேமராவுக்கு முன்னால வரல?”

எல்லாரையும் உட்காரவைத்துவிட்டு நான் மட்டும் பின்னால் ஒளிந்திருந்தேன். மெஷினை மூடிவிட்டு என்கூடவே வந்தாள். என்னை உட்காரவைத்து அவளே பொத்தானை அழுத்தினாள். கோப்புக்கு என் முழுப்பெயரை எழுத்தெழுத்தாகத் தேடித் தட்டினாள்.

“என்னதையும் மாட்டு” என்றாள்.

ஏப்ரல் 12

பன்னிரண்டாவது படம் என்னுடையது. அதன் பக்கத்தில் டெய்லரக்காவுடையது. அண்ணி என் படத்துக்கு முன்னால் வெகுநேரம் நின்றாள்.

“கொஞ்சம் கோணலா இருக்கே?”

“நான்தான் எடுத்தேன்” என்றாள் டெய்லரக்கா. “கோணலாத்தான் வந்திடுச்சு. ஆனா யாருன்னு தெரியுதுல்ல?”

அண்ணி படத்துக்குக் கீழே இருந்த என் பெயரை வாசித்தாள்.

ஏப்ரல் 15

அண்ணி கடைக்கு வந்தாள். பாஸ்போர்ட் போட்டோ வேண்டுமாம். எடுத்தேன். கோப்புக்குப் பெயர் கேட்டது கணினி. விரல் நுனிவரை ஒரு பெயர் வந்துவிட்டது.

அவள் பெயரையே தட்டினேன்.