விழுந்தீங்களா என்று கேட்டால்

செப்டம்பர் 27

காலையில் நீதிமன்றத்தில் ஒரு விவாகரத்து, மதியம் கல்லூரியில் வேதியியல் வகுப்பு. வாயால் சொன்னதைச் சைகையாக்கி, சைகையை வாயால் சொல்லி, சாயங்காலம் காப்பிக் கோப்பையைத் தூக்கக்கூடக் கையில் தெம்பில்லை. இருபத்தாறு வருடமாக இதுதான் பிழைப்பு.

திரும்பும் வழியில் அப்பா வீடு. வாசல் பொத்தானை அழுத்தினால் உள்ளே விளக்கு மினுக்கும். அப்பாவுக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. கதவைத் திறந்தவர் எடுத்த எடுப்பில், "குண்டாயிட்ட," என்றார். எங்கள் ஆட்களே இப்படித்தான், கண்ணில் பட்டதைக் கை சொல்லிவிடும்.

"நீங்க இளைச்சுப் போயிட்டீங்க."

"சமையல்காரன் சரியில்ல. மாத்தணும்."

சமைப்பது அவர்தான். வயது எண்பத்தொன்று. அம்மா போன பிறகு நான்கு வருடமாக அந்த மாடி வீட்டில் தனியாக. மார்ச்சில் பனியில் வழுக்கி விழுந்தபோதே கறாராகச் சொல்லிவிட்டேன், இன்னொரு தடவை விழுந்தால் முதியோர் இல்லம்தான் என்று. அப்போது அவர் கேட்டார்: "அங்க யாருக்குக் கை தெரியும்? சாப்பாடு போடுவாங்க. பேச்சு யாரு போடுவா?"

அக்டோபர் 3

வீடியோ போனில் அப்பா. ஒற்றைக் கையாலேயே பேசினார். இன்னொரு கையில் சாண்ட்விச்சாம். அரை மணி நேரமாக ஒரே சாண்ட்விச்சா?

அக்டோபர் 15

அப்பாவுக்கு வருடாந்திரப் பரிசோதனை. நான் மகளாகத்தான் போனேன். பதினெட்டு வயது வரை வங்கி, மெக்கானிக், பள்ளிக்கூடம் என்று எல்லா இடத்திலும் அப்பா, அம்மா இருவருக்கும் நான்தான் பேசினேன். பதினெட்டாவது பிறந்தநாளன்று அப்பா சொன்னார்: "இனிமே நீ என் பொண்ணு. என் வாய் இல்ல." அதனால் மருத்துவமனையில் மொழிபெயர்க்க ஷெல்பி வந்திருந்தாள். சின்னப் பெண், கெட்டிக்காரி. நான் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தேன். ஷெல்பியின் முதுகுதான் எனக்குத் தெரிந்தது.

நர்ஸ் கேட்டது: இந்த வருடம் எத்தனை ஃபால்?

ஆங்கிலத்தில் விழுவதற்கும் ஃபால், இலையுதிர் காலத்துக்கும் ஃபால். ஒரே சொல்லை வைத்து ஒப்பேற்றிவிடலாம். கையில் அந்தச் சலுகை இல்லை. விழுவதென்றால் உள்ளங்கை மேல் இரண்டு விரல் நின்று மல்லாக்க விழ வேண்டும். இலையுதிர் காலமென்றால் மடக்கிய முழங்கையைத் தடவி விரல்கள் கீழே இறங்க வேண்டும். எந்த ஃபால் என்று முடிவு செய்துகொண்ட பிறகுதான் கை நகரும்.

அப்பா முழங்கையைத் தடவினார். "ஒண்ணுதான். வருஷத்துக்கு ஒண்ணுதானே வரும்? இந்த வாட்டி இலையெல்லாம் நல்ல செவப்பு."

நர்ஸ் சிரித்தாள். கணினியில் எதையோ தட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள்.

எனக்கு ஷெல்பி மேல் பற்றிக்கொண்டு வந்தது. அப்பா அந்தப் பக்கம் எடை பார்க்கப் போனதும் நடைபாதையில் அவளைப் பிடித்தேன். "எந்த ஃபால் போட்ட நீ?"

"விழறதுதான் போட்டேன், கோரின். அவரு நல்லாவே பாத்தாரு. பாத்துட்டுத்தான் எலைக்குத் தாவினாரு."

இப்போது வீட்டில் உட்கார்ந்து அந்த நிமிடத்தையே திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறேன். அப்பா வலது கைக்காரர். இடது முழங்கையைத்தான் தடவியிருக்க வேண்டும். அவர் தடவியது வலது முழங்கையை, இடது கையால். எண்பது வருடமாக ஒரே மாதிரி சொன்ன சொல்லை இன்றைக்கு மட்டும் ஏன் மாற்றிச் சொன்னார்?

இடது முழங்கையைத் தொட முடியவில்லை. அதுதான்.

அக்டோபர் 16

அப்பாவின் சட்டைக் கையை நானே ஏற்றிப் பார்த்தேன். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கன்றிப்போய், ஓரமெல்லாம் மஞ்சளாகிவிட்டது. பதினாலு நாளாகிறது. துவைக்க வேண்டிய துணி மூட்டையோடு நிலவறைப் படியில் உருண்டிருக்கிறார். போன் மேலே. கத்தி என்ன பயன், பக்கத்து வீட்டிலும் ஆளில்லை. எழுந்து படியேற நான்கு மணி நேரம்.

நாலு மணி நேரம். அந்த சிமெண்டு தரையில ஒத்தையா. நான் அப்ப என்ன பண்ணிட்டிருந்தேன் — யாரோ ஒருத்தரோட கார் இன்சூரன்ஸுக்குக் கையாட்டிட்டு இருந்தேன்.

கோபத்தில் என் கை படபடவென்று பேசியது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். எங்கள் வீட்டில் காதைப் பொத்திக்கொள்வது என்றால் அதுதான். அவர் திறக்கும் வரை காத்திருந்தேன்.

"பயந்துட்டேன்," என்றார்.

"விழுந்ததுக்கா?"

"உனக்குத் தெரிஞ்சிடுமேன்னு."

என் வீட்டுக்கு வந்துவிடுங்கள் என்றேன். "நீ காலையில போனா இருட்டினப்புறம் வர்றவ. அங்கயும் நான் சுவத்தோடதான் பேசணும்." கடைசியில் இல்லத்தைப் பார்க்க ஒத்துக்கொண்டார். பார்க்க மட்டும்தானாம்.

அக்டோபர் 25

ஆற்றோரத்து இல்லம். வெளிச்சமான இடம், வாசலில் பூசணிக்காய்கள். நிர்வாகி நல்ல மனிதர், ஆனால் அப்பாவிடம் வாயை அகலமாகத் திறந்து கத்தினார். "இவருக்குப் பல்லெல்லாம் சொந்தப் பல்லுதான்," என்று அப்பா என்னிடம் சொன்னார். நான் அதை மொழிபெயர்க்கவில்லை.

சாப்பாட்டுக் கூடத்தில் நாற்பது பேர். ஜன்னலோரம் ஒரு மூதாட்டி தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். "ஆர்டித்துக்குக் காது கேக்காது. பாவம், ஞாபகமும் போயிடுச்சு. யார்கிட்டயும் பேச மாட்டாங்க," என்றார் நிர்வாகி. நான் அதைச் சொல்லி முடிப்பதற்குள் அப்பா நடக்க ஆரம்பித்துவிட்டார். அவர் பார்த்ததை நான் பார்க்கவில்லை. மேசைக்கு அடியில், மடி மேல், அந்த அம்மாளின் விரல்கள் ஓயாமல் அசைந்துகொண்டிருந்தன.

அப்பா எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். "மீன் வேகலன்னா அவங்ககிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

ஆர்டித் அப்பாவின் கையைப் பார்த்தார். பிறகு முகத்தை. மறுபடியும் கையை. "தினமும் சொல்றேன்," என்றார். "ரெண்டு வருஷமா சொல்றேன்."

அப்புறம் இரண்டு மணி நேரம் அவர்கள் நிறுத்தவே இல்லை. நான் காரில் வந்து உட்கார்ந்து அழுதேன். வெட்கமாகவும் இருந்தது. ஊரெல்லாம் கையாட்டிப் பிழைக்கிறேன், வீட்டிலிருந்து பத்து நிமிடத் தொலைவில் ஒருத்தர் தன் மடியோடு பேசிக்கொண்டிருந்திருக்கிறார்.

திரும்பும்போது அப்பா ஒரு சிக்னலில், "ரெண்டு வருஷம்," என்றார்.

அக்டோபர் 28

அப்பா இன்றும் அங்கே போனார். பஸ் பிடித்து.

நவம்பர் 9

ஆர்டித் சீட்டாட்டத்தில் ஏமாற்றுகிறாராம். அப்பா என்னிடம் ஒரு மணி நேரம் புகார் வாசித்தார், முகமெல்லாம் சிரிப்பு. நிர்வாகியும் போன் செய்தார்: "அவங்க ஞாபகசக்தி பிரமாதமா இருக்குங்க. போன வருஷம் நாங்க மறந்த மாத்திரையையெல்லாம் தேதியோட சொல்றாங்க, உங்கப்பா எழுதிக் காட்டறாரு." அங்கே வேலை செய்பவர்களுக்கு வாரம் ஒரு நாள் சைகை சொல்லித் தருகிறேன் என்று ஒத்துக்கொண்டேன். சம்பளம் வேண்டாம் என்றேன்.

நவம்பர் 22

"வீட்ட வித்துடலாம்," என்கிறார் அப்பா.

இதைத்தானே மார்ச்சிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்? இப்போது தடுப்பது நான். நிலவறையைப் பூட்டிவிடலாம், கட்டிலைக் கீழே இறக்கலாம், அவசரமென்ன என்று அடுக்கிக்கொண்டே போனேன். அம்மாவின் சமையலறையில் நின்றுதான் அத்தனையும் சொன்னேன். அப்பா நான் முடிக்கும் வரை பொறுமையாகப் பார்த்தார்.

"உங்கம்மா இந்த சுவத்துல இல்லடி. இருந்திருந்தா நாலு வருஷத்துல ஒரு தடவையாவது பதில் சொல்லியிருப்பா."

அவரைக் கட்டிக்கொண்டேன். இடது கையைத் தவிர்த்து.

டிசம்பர் 13

முழங்கால் வரை பனி. அப்பாவைக் குடிவைத்துவிட்டு வந்தேன். இரண்டு பெட்டி, ஒரு நாற்காலி, அம்மா படம். அலமாரியில் துணியை அடுக்கிவிட்டுத் திரும்பினால் ஆளைக் காணோம். ஜன்னல் மேசையில் ஆர்டித்தோடு இருந்தார். நான் காலால் தரையைத் தட்டினேன். அதிர்வு கண்டிப்பாகப் போயிருக்கும். இரண்டு பேரும் நிமிரவில்லை.

கடைசியில் அப்பாவின் முகத்துக்கு நேரே போய் நின்றேன். என்ன இருந்தாலும் மகள், கேட்காமல் போக மனசில்லை. ஆர்டித்தைக் கண்ணால் காட்டிவிட்டு, உள்ளங்கையில் இரண்டு விரலை நிறுத்தி மல்லாக்க விழவைத்தேன். "விழுந்துட்டீங்களா?"

அப்பா வெட்கப்பட்டார். என் ஐம்பத்தொரு வயதில் முதல் தடவையாகப் பார்க்கிறேன். மணிக்கட்டை நீட்டினார். காலையில் சேரும்போது நர்ஸ் கட்டிவிட்ட மஞ்சள் பட்டை, அதில் கொட்டை எழுத்தில்: விழும் அபாயம்.

"டாக்டரே எழுதிக் குடுத்துட்டாரு," என்றார்.

ஆர்டித் பட்டையை எட்டிப் பார்த்துப் படித்தார். பிறகு மெதுவாகத் தன் ஸ்வெட்டர் கையை மேலே ஏற்றினார். அவர் மணிக்கட்டிலும் அதே மஞ்சள்.